பாடற்படமும் தூளியின் நீளமும்



சென்ற பொங்கல் விழாவில் நம் மன்றத்தின் சார்பில் நான்கு நிமிடம் ஓடக்கூடிய பாடற்படம் ஒன்று திரையிடப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதனை ஆக்கிய எழுவரில் நானும் ஒருவன். இனி வரும் ஆண்டுகளில் இப்பணியில் இறங்கப்போகும் தம்பி தங்கையர்க்குப் பயன்படுமாறு அப்பட்டறிவை ஒரு பாடமாக எழுதித் தரவேண்டும் என்று இதழாசிரியர் கேட்டார். இசைந்தேன். எழுத அமர்ந்த பின்னரே, நான் கற்றவற்றுள் பாதி கேமிராவைப் பற்றியதன்று என்பது தெரிந்தது. ஆயினும் கேமிராவிலிருந்தே தொடங்குகிறேன். இயற்பியல் மாணவனுக்கு அதுவே எளிது.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். 'மியூசிக் வீடியோ' என்றால் எல்லார்க்கும் விளங்குகிறது. 'இசைக் காணொளி' என்பாரும் உளர். பாட்டு முதலில், படம் பின்னர் என்னும் வரிசை பெயரிலேயே இருக்கட்டும் என்று நான் பாடற்படம் என்கிறேன். வேறு பெயர் பிடித்தால் அதனையே வழங்குக. எனக்கு மனவருத்தம் இல்லை.

இக்கலை 1981ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்காவில் எம்.டி.வி. தொடங்கியபோது பிறந்தது என்று நம்முள் பலர் நினைக்கிறோம். அதற்கு ஆறாண்டு முன்பே, 1975இல், 'குயின்' என்னும் ஆங்கிலக் குழுவினர் தம் பாட்டொன்றுக்குப் படம் எடுத்துத் தொலைக்காட்சிக்கு அனுப்பினர். ஆனால் பாட்டுக்கென்றே காட்சி, காட்சிக்கென்றே பாட்டு என்னும் முறை நமக்கு அதனினும் பழமையானது. அது தொடங்கிய இடமும் தொலைவில் இல்லை. தமிழின் முதற் பேசும்படமாகிய 'காளிதாஸ்' இந்தப் பம்பாய் நகரிலேயே எடுக்கப்பட்டது. அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம் தயாரிக்க, எச்.எம்.ரெட்டி இயக்க, டி.பி.இராஜலட்சுமி நடித்துப் பாடிய அப்படம் 1931 அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. கதைத்தலைவி தமிழில் பேச, உடன் நடித்தவர் தெலுங்கிலும் இந்தியிலும் பேசினர். மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் வந்தது பாட்டுக் கேட்க.

அதே நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சில் வெளியிட்ட 'ஆலம் ஆரா'வைப் பற்றி ஒரு செய்தி உண்டு. படப்பிடிப்பு நிலையத்தை ஒட்டி ரயில் பாதை இருந்தது. பகலெல்லாம் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நள்ளிரவு கடந்து, வண்டிகள் ஓய்ந்திருக்கும் சில மணி நேரத்தில் படம் பிடித்தனர். நடிப்பவரே பாடவேண்டும், பாடும்போதே ஒலியும் பதிவாக வேண்டும், ஆதலால் இசைக்கருவி வாசிப்போர் கேமிராவின் கண்ணுக்கு அகப்படாமல் மரத்தின் பின்னும் திரையின் பின்னும் ஒளிந்துகொண்டு வாசித்தனராம். நாங்களும் விடுதி அறையொன்றில், சன்னல்களை மெத்தைகளால் அடைத்து, போர்வைகளைக் கொடியில் தொங்கவிட்டு, விமானங்கள் குறையும் பின்னிரவு இரண்டு மணிக்குக் குரலைப் பதிவு செய்தோம். தொண்ணூறு ஆண்டு கழித்தும் இந்நகரில் ஒலிப்பதிவாளனுக்கு விதித்த நேரம் மாறவில்லை போலும்! (மெத்தையை இரவல் தந்து வெறுந்தரையில் படுத்த நண்பர்க்கு இங்கே நன்றி கூறுகிறேன்.)

பாடுவோர் வேறு, வாயசைப்போர் வேறு என்னும் பின்னணி முறை 1935இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் படங்களில் வந்தது. தமிழில் 1938ஆம் ஆண்டின் 'நந்தகுமார்' படத்தில் ஏ.வி.மெய்யப்பன் அதனைக் கையாண்டார். லலிதா வெங்கட்ராமன் என்பவர் திரைக்குப் பின்னிருந்து பாடினார். இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் பாடற்படமும் இந்த முறையிலேயே அமைகிறது: முதலில் பாட்டைப் பதிந்துகொள், அதை ஒலிபெருக்கியில் ஓடவிடு, அதற்கேற்ப வாயசைக்கச் செய்து படம் பிடி, பின்னர் களத்து ஒலியை நீக்கிப் பதிந்த பாட்டை வைத்துத் தை.

இந்தத் தையலில்தான் நாங்கள் முதலில் தோற்றோம். கலையரங்கின் பின்வெளியில் பன்னிருவர் ஆடும் காட்சி. ஒலிபெருக்கி ஒன்றே ஒன்று; அது கேமிராவின் அருகில் இருந்தது. ஆடுவோரைத் தொலைவில் நிறுத்தி அகலமாக எடுத்தோம். படத்தைத் தொகுக்கும்போது, எல்லாரும் தாளத்துக்குச் சற்றுப் பிந்தியே அடியெடுத்து வைத்தனர். 'பயிற்சி போதாது' என்று ஆடினவர்களைக் கடிந்துகொண்டோம். குற்றம் அவர்களுடையதன்று, ஒலியினுடையது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. முப்பத்துநான்கு மீட்டர் தள்ளி நிற்பவனுக்குப் பாட்டு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்திக் கேட்கும். நொடிக்கு 25 சட்டகம் ஓடும் படத்தில் அஃது இரண்டரைச் சட்டகம். அணு ஆராய்ச்சி பயில்வோர் எழுவர் கூடிநின்று இதை மறந்தோம் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒலி படத்துக்குப் பிந்தினால் மனிதன் பெரிதும் பொறுத்துக்கொள்கிறான், முந்தினால் பொறுப்பதில்லை. ஒலி முந்துவதாயின் நொடியின் ஆயிரத்தில் 45 பங்கிலேயே கண்டுகொள்வான். பிந்துவதாயின் 125 பங்கு வரையில் கண்டுகொள்ளமாட்டான் என்பது ஒலிபரப்புத் துறையினர் கண்ட அளவு. தொலைவில் துணி வெளுப்பவரின் கை இறங்கிய பின்னரே ஓசை நம்மை வந்தடைகிறது. பிந்தி வரும் ஒலிக்குப் பழகியவை நம் கண்ணும் செவியும். முந்தி வரும் ஒலி இயற்கையில் இல்லை. எங்கள் காட்சியில் ஆடுவோர் பிந்தினர். அதாவது பார்ப்பவனுக்கு ஒலி முந்திற்று. அதுவே கேட்டினும் கேடு. அக்காட்சி முழுவதையும் இரண்டரைச் சட்டகம், அதாவது ஒருகால் இரண்டு, ஒருகால் மூன்று, முன்னே நகர்த்தி ஒருவாறு சரிசெய்தோம். நீங்கள் ஒலிபெருக்கியை ஆடுவோரின் காலடியில் வையுங்கள், வேலை எளிதாகும்.

மற்ற இரண்டு இடர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசி ஒளியின் அளவுக்கேற்பத் தன் சட்டக எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைக்கும். அதனால் தொடக்கத்தில் பொருந்தும் வாயசைப்பு மூன்றாம் நிமிடத்தில் நழுவும். எண்ணிக்கையைப் பூட்டிவைக்கும் செயலியைப் பயன்படுத்துக. அடுத்தது விளக்கொளி. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஆகையால் பல விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கித் தெளிகின்றன. கேமிராவின் கதவு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கோ நூறில் ஒரு பங்கோ திறந்தால் நலம். அமெரிக்க வழக்கப்படி அறுபதில் ஒரு பங்கு என்று வைத்தால் படத்தில் கருங்கோடுகள் ஊர்ந்து செல்லும். மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய பூக்கடைகளில் மாலை வேளையில் நாங்கள் எடுத்தவை எல்லாம் இவ்வாறே வீணாயின. பூக்கார அம்மா எங்களுக்காக இரண்டு முறை மல்லிகையைத் தொடுத்துக் காட்டினார். மூன்றாம் முறை கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

இனிப் பாட்டைப் பற்றி. எடுத்தவுடன் எல்லாரும் எண்ணியது, பெயர்பெற்ற சினிமாப் பாட்டொன்றின் மெட்டில் நம் சொற்களைப் போட்டுவிடலாம் என்பதே. 'முப்பது நொடி வரை எடுத்தால் குற்றம் இல்லை' என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். அப்படி ஒரு விதி 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஒரு பாட்டில் சொல்லுக்கு உரியவர் ஒருவர். மெட்டுக்கு உரியவர் ஒருவர். ஒலிப்பதிவுக்கு உரியவர் வேறொருவர். பாடியவர்க்கும் தம் நிகழ்ச்சியில் உரிமை உண்டு. அது 1994இல் சட்டத்தில் சேர்ந்தது. இன்று ஐம்பதாண்டு நிற்கும். எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமத்தொகையில் தம் பங்கை இழக்கக்கூடாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. ஆகவே சொந்த மெட்டே சிறந்தது என்று முடிவாயிற்று.

அதற்கு ஊக்கமும் அருகிலேயே இருந்தது. தாராவியில் வளர்ந்த தமிழ் இளைஞர்கள் 'டோப்படெலிக்ஸ்' என்னும் குழுவாகக் கூடிச் சொல்லிசை பாடி, தாங்கள் வாழும் சந்துகளிலேயே படம் எடுத்தனர். தாராவியைக் களமாகக் கொண்ட 'காலா' படம் 2018இல் வெளிவந்தபோது அதிலும் அவர்கள் குரல் ஒலித்தது. அவர்களுக்கு அரங்கம் இல்லை, சுவர் இருந்தது, அதனை அரங்கம் ஆக்கினர். 2011 நவம்பரில் வெளிவந்த 'கொலவெறி'ப் பாட்டின் படத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் சிலர் நின்று பாடுவது தவிர அதில் வேறு காட்சி இல்லை. உலகெங்கும் பார்த்தனர். பொருட்செலவு இன்மை ஒரு குறையாகாது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். எங்கள் கையிலிருந்ததோ நாலாயிரத்து இருநூறு ரூபாய்.

மெட்டு எங்களைத் தேடி வந்தது விடுதியின் உணவுக்கூடத்திலிருந்து. அங்கே பணிபுரியும் அக்கா ஒருவர் காய் நறுக்கும்போது மெல்ல ஒரு தாலாட்டை முணுமுணுப்பார். எங்கள் குழுவில் இசை தெரிந்தவர் ஒருவர். அவர் தட்டும் கையுமாக நின்றுவிட்டார். 'இது எந்த ஊர்ப் பாட்டு அக்கா?' என்று கேட்டோம். 'ஊருப் பாட்டு இல்ல தம்பி. எங்க அம்மா ஜனதா காலனியிலே பாடுனது' என்றார்.

நண்பர்களே, ஜனதா காலனி என்னும் பெயர் உங்களுள் எத்தனை பேர்க்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. இந்த அணுசக்தி நகரில் மூன்றாண்டாக வாழ்ந்தும் தெரியாது. அப்சரா உலை 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் இயங்கத் தொடங்கியது தெரியும். டிராம்பேயின் நிறுவனத்துக்கு 1967இல் பாபாவின் பெயர் இடப்பட்டது தெரியும். நாம் நடக்கும் இந்நிலப்பகுதியை ஒட்டி ஏறத்தாழ எழுபதினாயிரம் மக்கள் வாழ்ந்த குடியிருப்பு ஒன்று இருந்தது என்பதும், அவர்களுள் தமிழர் பலர் என்பதும், அணுசக்தித் துறையின் தேவைக்காக 1976 மே திங்களில், நெருக்கடிநிலைக் காலத்தில், அக்குடியிருப்பு இடிக்கப்பட்டு மக்கள் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர் என்பதும் தெரியாது. அம்மாற்றத்தை எதிர்த்து மக்களைத் திரட்டியவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம். மாநகராட்சி குப்பை அள்ளாதபோது, குழந்தைகளைக் கூட்டிக் குப்பையைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் அலுவலகத்தின் முன்னே போடச் செய்தவர். பின்னர் நாடு தழுவிய குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பை நிறுவினார், 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் பெற்றார், 2018இல் மறைந்தார். சீட்டா கேம்ப்புக்கு இங்கிருந்து நடந்தே போகலாம். அன்றுவரை நான் போனதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுடன் மூவர் போனோம். அவருடைய தாயார் வாயிற்படியில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபதைக் கடந்தவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி வந்தவர். முதலில் பாட மறுத்தார். 'பிள்ளை இல்லாம யாருக்குப் பாட?' என்றார். பக்கத்து வீட்டுக் குழந்தையை வாங்கி மடியில் வைத்தபின் பாடினார். கைப்பேசியைத் துணியில் சுற்றி அருகில் வைத்துப் பதிந்தோம். பாடி முடித்ததும், 'படம் எங்க எடுக்கப் போறிய?' என்று கேட்டார். 'அணுசக்தி நகருக்குள்ளேதான் பாட்டி' என்றேன். சற்று நேரம் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நான் அந்தப் பக்கந்தான இருந்தேன்' என்றார்.

அவ்வளவுதான். நாங்கள் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். ஒலிப்பதிவு நன்றாக அமைந்த மகிழ்ச்சியில், அச்சொல்லின் பொருளை நின்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

பாட்டின் முதல் நாற்பது நொடியில் பாட்டியின் குரல் மட்டும். பிறகு அதன்மேல் பறையும் கிட்டாரும் ஏறி, நம் மாணவர்கள் பாடும் வேகப்பாட்டாக மாறும் என்பது எங்கள் ஏற்பாடு. தாளத்தை எந்திரம் கணக்கிட்டது: நிமிடத்துக்கு 104 அடி. பாட்டி இயல்பாகப் பாடியது ஏறத்தாழ 52. சரியாக இரட்டிப்பாதலால், குரலின் வேகத்தைக் கூட்டி, சுருதி மாறாமல் காத்து, இழுத்துப் பொருத்திவிட்டோம். இதனை எங்கள் திறமையின் உச்சம் என்றே எண்ணினோம். பொங்கல் விழாவில் நீங்கள் கைதட்டியதும் அவ்விடத்தில்தான்.

படத்தின் இறுதியில் பெயர்கள் வந்தன. பாடல், இசை, ஒளிப்பதிவு, தொகுப்பு, நடனம், தேநீர் கொண்டுவந்து தந்தவர் வரையில் எல்லார் பெயரும் வந்தது. தாலாட்டுக்கு நேரே 'நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டிருந்தோம். அது முறைதானே என்று நினைத்தோம். அரங்கின் பின்வரிசையில் உணவுக்கூடத்துப் பணியாளர்களும் அமர்ந்திருந்தனர். மறுநாள் காலையில் இட்டிலி வைத்துக்கொண்டே அக்கா கேட்டார்: 'எல்லார் பேரும் வந்துச்சு தம்பி. அம்மா பேரு எங்க?'

எனக்கு விடை தெரியவில்லை. அன்று மாலை நூலகத்தில் நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலை எடுத்துப் பார்த்தேன். 1964இல் வெளிவந்த நூல். அதில் பல பாடல்களின் கீழே உதவியவர், சேகரித்தவர், இடம் என்று தனித்தனியே குறித்திருக்கின்றனர். பாடிக் கொடுத்தவர்க்கு ஒரு வரி; கேட்டு எழுதியவர்க்கு ஒரு வரி; ஊருக்கு ஒரு வரி. அச்செழுத்தைக் கையால் கோத்த நாளிலும் அதற்கு இடம் இருந்தது. எங்கள் படத்தில் பெயர் போட ஒரு செலவும் இல்லை. நாலு நொடி போதும். அண்மைக் காலத்திலும் இத்தகைய வழக்கு எழுந்ததை நீங்கள் அறிவீர்கள். 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் பரவிய பிறகு, அவ்வாண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அப்பாட்டை எழுதிப் பாடிய அறிவின் படம் இல்லாமற்போகவே, பா.ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பினர். அப்போது விடுதியில் நாங்கள் அறிவின் பக்கம் நின்று இரவெல்லாம் வாதாடியிருக்கிறோம். வாதாடிய அதே வாயால், 'நாட்டுப்புறப் பாடல் என்றால் யாருடையதும் இல்லை' என்று தொகுப்பு மேசையில் சொன்னவனும் நான்தான். சட்டமும் என் பக்கம் இல்லை: பழம்பாட்டுக்கு ஆசிரியர் தெரியாதிருக்கலாம், பாடிய பாட்டிக்குத் தம் பாட்டில் உரிமை உண்டென்று மேலே நானே எழுதியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கப் போனோம். படத்தையும் கைப்பேசியில் போட்டுக் காட்டினோம். பெயர் விடுபட்டதைப் பாட்டி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; மகளுக்கு இருந்த வருத்தம் அவர்க்கு இல்லை. ஆனால் தம் குரல் ஒலித்தபோது முகம் சுளித்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். 'ஏய்யா, இவ்வளவு விரசாப் பாடுனா பிள்ளை எப்படி உறங்கும்? தூளி அப்படி ஆடாதுய்யா' என்றார்.

'தூளி அப்படி ஆடாது' என்னும் சொல் என்னை விடவில்லை. அறைக்குத் திரும்பித் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். உத்தரத்தில் சேலையைக் கட்டித் தொங்கவிடும் தூளி ஓர் ஊசல். ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தின் வர்க்கமூலத்துக்கேற்ப அமையும். உள்ளே படுத்திருக்கும் குழந்தையின் எடையைச் சார்ந்ததன்று. ஆட்டுபவர் கயிற்றைத் தம் விருப்பம்போல் இழுக்க முடியாது. ஊசலின் போக்கறிந்து தள்ளினால்தான் கை ஓயாது. பாடுபவர் தூளி ஒருபுறம் செல்ல ஓர் அடி, மறுபுறம் வர ஓர் அடி என்று பாடுகிறார். நிமிடத்துக்கு 52 அடி என்றால், ஒரு முழு அலைவுக்கு 2.3 நொடி. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலுக்கு ஏறத்தாழ 2 நொடி. ஆகவே பாட்டியின் தூளி 1.3 மீட்டர். அவர் வேகம் 50க்கும் 54க்கும் இடையே அசைந்தது. எனவே பிழை வரம்பு ஒரு சாண் அளவு. குழந்தையின் உடல் தரையிலிருந்து அரை மீட்டர் மேலே இருந்ததாகக் கொண்டால், உத்தரம் தரையிலிருந்து 1.8 மீட்டர். ஆறடிக்கும் சற்றுக் குறைவு.

ஒரே ஒரு பாட்டைக் கொண்டு முடிவு கட்டுகிறாய் என்று என் நெறியாளர் கேட்பார், கேட்பது முறையே. சீட்டா கேம்ப்பில் பிறகு கட்டிய தூளியின் வேகமாகவும் இருக்கலாமன்றோ? அக்காவிடம் கேட்டேன். அவரே கடைசிப் பிள்ளை. காலனி இடிபட்டபோது கைக்குழந்தை. பேரப்பிள்ளைகளுக்கோ கடையில் வாங்கிய சுருள்வில் தொட்டில். அது மேலும் கீழும் குதிப்பது; அதன் கணக்கே வேறு, அதில் குழந்தையின் எடையும் சேரும்.

படத்தைத் திருத்தினோம். முதல் நாற்பது நொடி எண்பது நொடி ஆயிற்று; பறையையும் கிட்டாரையும் அங்கிருந்து எடுத்துவிட்டோம்; குரல் தன் வேகத்தில் போகிறது. அதன்கீழே காட்டிய ஆடற்காட்சியையும் நீக்கி, இங்குள்ள வேப்பமர நிழல் தரையில் அசைவதை வைத்தோம். உரிய ஒப்புதலுடன் எடுத்த காட்சி. நகரியத்துள் எதையும் கேட்காமல் எடுக்காதீர்கள். இறுதியில் 'உதவியவர்' என்று பாட்டியின் பெயர் தனியாக வருகிறது. 'இடம்: ஜனதா காலனி, டிராம்பே' என்று அடுத்த வரி. அப்பெயரைப் படத்தில் கண்டுகொள்ளுங்கள். அச்சில் வேண்டா என்று அக்கா சொன்னதால் இங்கே எழுதவில்லை. வேகப்பாட்டை எதிர்பார்த்த நண்பர் சிலர்க்குப் புதிய படிவம் பிடிக்கவில்லை. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கைதட்டும் இடம் போய்விட்டது.

திருத்திய படத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை சீட்டா கேம்ப் போனேன். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வலக்கை மட்டும் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. முடிந்ததும், தயங்கித் தயங்கி, அந்தப் பழைய வீட்டின் உத்தரம் ஆறடிக்கும் குறைவாக இருந்ததா என்று கேட்டேன். இது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. என்னை அடி முதல் முடி வரை ஒருமுறை பார்த்தார்.

'அவுக குனிஞ்சுதான் உள்ள வருவாவ' என்றார். 'நீயா இருந்தா தலையில இடிச்சிருப்ப.'